புளோரிடாவின் நடுத்தவணைத் தேர்தல்: 2018

‘இடைத்தேர்தல்’ என்னும் சொல் நமக்குப் பழகிய சொல். உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ பதவி துறந்தாலோ அந்த ஓர் இடத்துக்கு மட்டும் நடைபெறுவது அது. ‘இடைக்காலத் தேர்தல்’ என்றால், தவணை முடியுமுன் அவை கலைக்கப்பட்டு நடைபெறுவது என்று இந்தியச் செய்திகளைப் படித்தவர்கள் பொருள் கொள்வர். அமெரிக்கச் செய்திகளைத் தமிழாக்கும்போது இவ்விரு சொற்களையும் மாற்றி மாற்றி ஆண்டு, படிப்பவரைக் குழப்புகிறோம். அமெரிக்கர் குறிப்பது இவ்விரண்டும் அன்று. அதிபரின் நான்காண்டுத் தவணைக்கு நட்டநடுவில், எவர் பதவி விலகினாலும் விலகாவிட்டாலும், எந்த அவையும் கலைக்கப்படாமலே, குறித்த நாளில் தவறாது வரும் தேர்தல் அது. ஆதலின் இக்கட்டுரையில் அதனை ‘நடுத்தவணைத் தேர்தல்’ என்றே குறிப்பேன். இதனினும் நல்ல சொல் ஆசிரியப் பெருமக்களுக்குத் தோன்றினால் அதனையே வழங்கலாம்.

தேர்தல் நாளை எவரும் தம் வசதிக்கேற்ப அறிவிப்பதில்லை. நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய் என்று 1845 ஆம் ஆண்டில் அதிபர் தேர்தலுக்கு வகுத்த விதி, பின்னர் மற்றத் தேர்தல்களுக்கும் பரவிற்று. அறுவடை முடிந்திருக்கும், ஞாயிறன்று தேவாலயம் சென்று, திங்களன்று வண்டி கட்டிப் புறப்பட்டால், செவ்வாயன்று வாக்களித்துவிடலாம். உழவர் நாடாக இருந்த காலத்துக் கணக்கு அது. இன்று வண்டி கட்டுவார் இல்லை. செவ்வாய் மட்டும் நிற்கிறது.

அந்நாளில் நாட்டின் கீழவைக்குரிய 435 இடங்களும், செனட் சபை எனப்படும் மேலவையின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இடங்களும், 36 மாநிலங்களின் ஆளுநர் பதவிகளும் வாக்குக்கு வருகின்றன. அதிபரின் பெயர் வாக்குச்சீட்டில் இராது. ஆயினும் மக்கள் அவரை மனத்தில் வைத்தே வாக்களிக்கின்றனர் என்பதற்கு வரலாறு சான்று. கடந்த நூறாண்டுகளில் 1934, 1998, 2002 ஆகிய மூன்று ஆண்டுகள் நீங்கலாக, ஒவ்வொரு நடுத்தவணைத் தேர்தலிலும் அதிபரின் கட்சி கீழவையில் இடங்களை இழந்தே வந்திருக்கிறது. 2018 நவம்பர் 6 ஆம் நாள் நடந்த தேர்தலிலும் அதிபர் டிரம்பின் குடியரசுக் கட்சி சுமார் 40 இடங்களை இழந்தது.

நாடு முழுதும் பார்த்தால் கதை இவ்வளவே. ஆனால் அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது கூட்டரசு அன்று, மாநிலங்களே நடத்துகின்றன. வாக்குச்சீட்டின் அமைப்பு, எண்ணும் முறை, வாக்களிக்கத் தகுதி உடையவர் யார் என்பதன் பெரும்பகுதி, எல்லாம் மாநிலச் சட்டத்தின்படியே. எனவே ஒரு மாநிலத்தை உற்று நோக்கினால்தான் இத்தேர்தலின் உட்கூறு விளங்கும். 2018 இல் புளோரிடாவில் நடந்ததை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. யார் வாக்களிக்கலாம் என்ற வினாவும், போட்ட வாக்கு எண்ணப்படுமா என்ற வினாவும் அங்கே ஒரே தேர்தலில், ஒரே சீட்டில் வந்து சந்தித்தன.

முதலில் ஆளுநர் பதவியைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க மாநிலத்து ஆளுநர், மேலிருந்து நியமிக்கப்படும் அணிகலத் தலைவர் அல்லர். மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். பணியளவில் நம் மந்திரி பெசாரையோ முதலமைச்சரையோ ஒத்தவர். புளோரிடாவில் முற்காலத்தில் அதிபர் தேர்தல் ஆண்டிலேயே ஆளுநரும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதிபர் போட்டியின் அலையில் மாநிலத்தின் சொந்தக் காரியங்கள் அடித்துக்கொண்டு போகின்றன என்று கருதி, ஆளுநர் தேர்தலை நடுத்தவணைக்கு மாற்றினர். அந்த மாற்றத்துக்காகவே 1964 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹேடன் பர்ன்ஸ் என்பவருக்கு இரண்டே ஆண்டுத் தவணை கிடைத்தது. 1966 முதல் புதிய முறை நடக்கிறது. அலையிலிருந்து தப்பினார்களா என்பது வேறு. 2018 இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக ரான் டிசான்டிஸ் முன்னேறியதற்கு அதிபரின் வெளிப்படையான ஆதரவே பெருந்துணையாயிற்று. கதவை அடைத்தாலும் காற்று உள்ளே வந்துவிட்டது.

டிசான்டிஸை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்றவர் தலைநகர் டல்லஹாசியின் மேயர் ஆண்ட்ரு கில்லம். வென்றிருந்தால் அம்மாநிலத்தின் முதல் கறுப்பின ஆளுநர் அவரே. செனட் இடத்துக்கு 2001 முதல் உறுப்பினராயிருந்த பில் நெல்சனும், அப்போது ஆளுநராயிருந்த ரிக் ஸ்காட்டும் மோதினர். நெல்சன் 1986 இல் கொலம்பியா விண்ணோடத்தில் விண்வெளிக்குச் சென்று வந்தவர். ஸ்காட் மருத்துவமனைத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். இவையன்றித் தலைமை வழக்கறிஞர், நிதி அதிகாரி, வேளாண்மை ஆணையர் ஆகிய மூவரையும் மக்களே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆளுநர் தமக்கு வேண்டியவரை அப்பதவிகளில் அமர்த்திக்கொள்ள முடியாது. அதன் பின்னரும் சீட்டு முடியவில்லை. மாநிலச் சட்டமன்றம், நீதிபதிகள், வட்டாரப் பதவிகள், இறுதியில் அரசியலமைப்புச் சட்டத்துக்கு 12 திருத்தங்கள்! வாக்காளன் ஒருவன் தேர்வு எழுதப் போகிறவனைப் போலவே போக வேண்டியிருந்தது.

அத்திருத்தங்களுள் நான்காம் எண்ணுடையதே நம் முதல் வினாவுக்கு உரியது.

பெருங்குற்றம் செய்து தண்டனை பெற்றவர், சிறைவாசம் முடித்து வெளியே வந்த பின்னும், ஆயுள் முழுவதும் வாக்குரிமை இழந்தவராகவே இருப்பார் என்பது புளோரிடாவின் பழைய விதி. அதன் வேர் 1868 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இருக்கிறது. அடிமை முறை ஒழிந்து, கறுப்பின மக்கள் கைக்கு வாக்குரிமை வந்துகொண்டிருந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு இவ்விதியைப் படிக்க முடியாது. 1968 இல் புதிய அரசியலமைப்பு எழுதியபோதும் விதி நீங்கவில்லை. இழந்த உரிமையைத் திரும்பப் பெற ஒரே வழி, ஆளுநரும் அவருடன் தேர்ந்தெடுக்கப்பட்ட மற்ற மூவரும் அமர்ந்த கருணைக் குழுவின் முன் விண்ணப்பிப்பது. தண்டனை முடிந்து ஐந்து முதல் ஏழாண்டு வரை காத்திருக்க வேண்டும். பிறகும் கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். அம்முறைக்கு அளவுகோலே இல்லை என்று 2018 பிப்ரவரியில் கூட்டரசு நீதிபதி ஒருவர் கண்டித்தார். தண்டனை முடித்தும் வாக்கற்றிருந்தோர் 14 இலட்சத்துக்குக் குறையாதவர் எனக் கணித்தனர். மாநிலத்துக் கறுப்பின வயது வந்தோருள் ஐவரில் ஒருவருக்கு மேல் வாக்குரிமை அற்றவர் என்றால் அதன் கனம் புரியும்.

இதனை மாற்ற முன்வந்தவர் சட்டமன்றத்தார் அல்லர். டெஸ்மண்ட் மீட் என்பவர் தாமே சிறை சென்று வந்தவர். பின்னர் சட்டம் பயின்று பட்டம் பெற்றும் வாக்களிக்க இயலாதிருந்தவர். அவர் தலைமையில் கையொப்ப இயக்கம் நடந்தது. திருத்தம் ஒன்றைச் சீட்டில் ஏற்றவே 7,66,200 வாக்காளரின் கையொப்பம் வேண்டியிருந்தது, திரட்டினர். கொலைக்குற்றத்துக்கும் பாலியல் பெருங்குற்றத்துக்கும் விலக்கு உண்டு. ஏனையோர் ‘தண்டனையின் எல்லாக் கூறுகளையும்’ முடித்தவுடன் வாக்குரிமை தானே திரும்பும் என்பதே திருத்தத்தின் சாரம். மேற்கோட் குறிக்குள் உள்ள அச்சிறு தொடரை நினைவில் வைத்துக்கொள்க.

திருத்தம் நிறைவேறப் பாதிக்கு மேல் போதாது; 60 விழுக்காடு வேண்டும். (இந்த 60 விழுக்காட்டு விதியே 2006 இல் ஒரு திருத்தமாக வந்ததுதான். அப்போது அது பெற்ற ஆதரவு 60 ஐ எட்டவில்லை. 58 க்கும் சற்றுக் குறைவு! தான் ஏற முடியாத மதிலைத் தனக்குப் பின் வருவோர்க்கு எழுப்பிவிட்டது.) 2018 இல் வீட்டு வரிச் சலுகை பற்றிய முதல் திருத்தம் 58 விழுக்காடு பெற்றும் தோற்றது. நான்காம் திருத்தமோ 64 விழுக்காட்டுக்கு மேல் பெற்றது. ஆதரித்தோர் 51 இலட்சத்துக்கு மேற்பட்டவர். அன்று ஆளுநர் பதவிக்கும் செனட்டுக்கும் நின்ற நால்வருள் எவரும் 41 இலட்சத்தைத் தாண்டவில்லை. டிசான்டிஸுக்கு வாக்களித்த கையே இத்திருத்தத்துக்கும் வாக்களித்திருந்தாலன்றி இவ்வெண்ணிக்கை வந்திராது. கட்சிக் கொடி எதுவாயினும், தண்டனை முடித்தவன் குடிமகனே என்று பெரும்பாலோர் எண்ணினர். இத்தேர்தலில் ஐயத்துக்கு இடமின்றி வென்றது இதுவே என்பது என் கருத்து.

ஏனைய வெற்றிகளில் ஐயம் நிறைந்திருந்தது. அதுவே இரண்டாம் வினா.

புளோரிடாச் சட்டப்படி, இருவருக்கிடையே வேறுபாடு மொத்த வாக்கில் அரை விழுக்காடோ அதற்குக் குறைவோ ஆனால், சீட்டுகள் அனைத்தையும் மீண்டும் பொறியிலிட்டு எண்ண வேண்டும். கால் விழுக்காடோ அதற்குக் குறைவோ ஆனால், பொறியால் படிக்க இயலாத சீட்டுகளை மனிதர் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அத்தகைய சீட்டு இருவகைப்படும். ஒரே போட்டியில் இருவருக்குக் குறியிட்டது மிகைவாக்கு. ஒருவருக்கும் குறியிடாதது குறைவாக்கு. 2018 இல் 82 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்த அத்தேர்தலில், ஆளுநர், செனட், வேளாண்மை ஆணையர் ஆகிய மூன்று போட்டிகள் மறு எண்ணிக்கைக்குச் சென்றன. பின் இரண்டும் கைமுறைச் சோதனை வரை போயின. தேர்தல் இரவில் வேளாண்மை ஆணையராகத் தாம் வென்றதாக அறிவித்துக்கொண்டவர் குடியரசுக் கட்சியின் மேட் கால்டுவெல். (நம் காதுக்குப் பழகிய பெயர்தான்.) தபால் வாக்குகள் எண்ணப்பட எண்ணப்பட ஜனநாயகக் கட்சியின் நிக்கி பிரீட் முந்திச் சென்றார், முடிவில் 6,753 வாக்குகளில் வென்றார். ஆளுநர் பதவியை டிசான்டிஸ் பெற்றது 32,463 வாக்குகளில். செனட் இடத்தை ஸ்காட் பெற்றது 10,033 வாக்குகளில்.

இந்த 10,033 என்ற எண்ணோடு வேறொரு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மாநிலத்தின் 67 வட்டாரங்களுள் புரோவார்ட் ஒன்று. மக்கள் நெருக்கம் மிகுந்தது. ஜனநாயகக் கட்சிக்குக் கோட்டை போன்றது. அங்கே ஆளுநர் போட்டியில் விழுந்த வாக்குகளைவிடச் செனட் போட்டியில் விழுந்தவை ஏறக்குறைய 25,000 குறைவு. மற்ற வட்டாரங்களில் இத்தகைய பள்ளம் இல்லை. காரணம் என்ன?

வாக்குச்சீட்டை எடுத்துப் பார்த்தவர்களுக்கு விளங்கிற்று. சீட்டின் இடப்பத்தியில் மேலிருந்து கீழாக நீண்ட அறிவுரை: எப்படிக் குறியிடுவது, தவறினால் என்ன செய்வது என்று ஆங்கிலம், ஸ்பானியம், ஹெய்ட்டி கிரியோல் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சிட்டிருந்தனர். அந்த அறிவுரைக்கும் கீழே, இடது மூலையில், செனட் போட்டி. நடுப்பத்தியின் உச்சியிலோ ஆளுநர் போட்டி பளிச்சென்று நின்றது. பல தேர்தல் கண்ட வாக்காளர் அறிவுரையைப் படிப்பாரா? நேரே நடுப்பத்திக்குக் கண்ணை ஓட்டிவிடுகிறார். வட்டாரத்தின் ஒரு பகுதியில் கீழவை இடத்துக்குப் போட்டியே இல்லை. போட்டியற்ற இடம் சீட்டில் அச்சாவதும் இல்லை. ஆகவே அங்கே செனட் போட்டி மூலையில் துணையின்றிக் கிடந்தது. கண்ணுக்குத் தப்பியோர் அப்பகுதியில்தான் மிகுதி.

பொறிக்கோளாறாக இருக்கும், கையால் எண்ணினால் வாக்குகள் வெளிப்படும் என்று நெல்சன் தரப்பினர் நம்பினர். கையால் பார்த்தபோது பெரும்பாலான சீட்டுகளில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. போடாத வாக்கை எந்த எண்ணிக்கையும் மீட்காது.

அந்த 25,000 வாக்குகளும் விழுந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? புரோவார்டில் நெல்சன் பெற்றது பத்தில் ஏழு பங்கு என்று வைத்துக் கணக்கிடுவோம். 25,000 இல் அவருக்கு 17,500; ஸ்காட்டுக்கு 7,500; மிச்சம் 10,000. தோல்வியின் அளவு 10,033! கணக்கு இவ்வளவு துல்லியமாக நம்மைக் கதவருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உள்ளே விடாமல் போகிறது. எனவே சீட்டின் அமைப்பே நெல்சனைத் தோற்கடித்தது என்று சொல்வது மிகை. அதனால் ஒன்றும் நேரவில்லை என்று தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. அச்சகத்துக்குப் போகுமுன் அரை நாழிகை உட்கார்ந்து பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும் பிழை, ஆறாண்டுச் செனட் பதவியின் எல்லை வரை வந்து நின்றது.

இதில் வேதனை என்னவென்றால், அடுத்த வட்டாரமான பாம் பீச்சில்தான் 2000 ஆம் ஆண்டில் வாக்குச்சீட்டின் அமைப்பால் பல்லாயிரவர் குழம்பினர். அப்போது புளோரிடாவையும் அதன்வழி அதிபர் பதவியையும் புஷ் பெற்றது 537 வாக்குகளில். துளையிடும் அட்டைகளை அதன்பின் ஒழித்தார்கள்; பாடத்தின் மறுபாதியை மறந்தார்கள். 2018 மறு எண்ணிக்கையில் பாம் பீச்சின் பழைய பொறிகள் ஒரு நேரத்தில் ஒரு போட்டியை மட்டுமே எண்ண வல்லவை. ஓட்டிய ஓட்டத்தில் சூடேறிப் பழுதடைந்தன. குறித்த கெடுவுக்குள் வேலை முடியவில்லை. புரோவார்ட் வேலையை முடித்தும், முடிவை அனுப்ப இரண்டு நிமிடம் தாமதமாயிற்று. மாநிலம் அதை ஏற்காமல் முதல் எண்ணிக்கையையே கொண்டது. தபால் வாக்குகளில் கையொப்பம் ஒத்துவரவில்லை என்று ஒதுக்கப்பட்ட சில ஆயிரம் பேருக்குத் திருத்திக்கொள்ள இரண்டு நாள் அவகாசம் தருமாறு நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. முதுமையில் கை நடுங்குபவரின் கையொப்பம் இருபதாண்டுக்கு முந்தியதை ஒத்திருக்குமா என்று கேட்க ஒரு நீதிபதி தேவைப்பட்டது வியப்பே.

ஆளுநராயிருந்துகொண்டே வேட்பாளராகவும் நின்ற ஸ்காட், ஆளுநர் மாளிகையிலிருந்து பேசி, வாக்கெண்ணும் அலுவலர்மீது குற்றஞ்சாட்டினார். காவல் துறை விசாரிக்க வேண்டும் என்றார். மோசடிக்குச் சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. முடிவுகளுக்குச் சான்றளிக்கும் குழுவிலும் அவருக்கு இடம் உண்டு. அதிலிருந்து தாமே விலகிக்கொண்டார். விலகியது முறைதான். ஆனால் ஆடுபவரே நடுவராகவும் அமரக்கூடிய ஏற்பாடு அவருடைய குற்றம் அன்று, அமைப்பின் குற்றம். நவம்பர் 18 இல் நெல்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். கில்லம் அதற்கு முதல் நாளே ஒப்புக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு, 2019 இல், சட்டமன்றம் ஒரு தேர்தல் சட்டம் இயற்றிற்று. அதில் சில நல்ல விதிகள் உண்டு. வாக்குச்சீட்டின் அறிவுரை மேற்புறத்தில் நெடுகவோ, இடப்பத்தியில் தனித்தோ நிற்க வேண்டும். அறிவுரை நிற்கும் பத்தியில் எந்தப் போட்டியும் அச்சாகக் கூடாது. கையொப்பம் ஒவ்வாதோர் திருத்திக்கொள்ளத் தேர்தலுக்குப் பின் இரண்டு நாள் வரை அவகாசம் உண்டு. புரோவார்டின் மூலை இவ்வாறு துடைக்கப்பட்டது.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. நான்காம் திருத்தத்தின் ‘தண்டனையின் எல்லாக் கூறுகளும்’ என்ற தொடருக்கு அது பொருள் கூறிற்று: சிறைவாசமும் கண்காணிப்புக் காலமும் மட்டும் அல்ல, நீதிமன்றம் விதித்த அபராதம், கட்டணம், இழப்பீடு யாவும் கட்டி முடித்தாலே தண்டனை முடிந்ததாகும். மொழி பயில்வோர் கவனிக்க வேண்டிய இடம் இது. மாநில உச்ச நீதிமன்றமும் அத்தொடர் பணக்கடனையும் அடக்கும் என்றே கூறிற்று. சொல்லளவில் அவ்வாறு பொருள் கொள்ள இடம் இருக்கத்தான் செய்தது. ஆனால் இடர் சொல்லில் மட்டும் இல்லை. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்ல மாநிலம் முழுமைக்கும் ஒரே பதிவேடு கிடையாது. கட்ட நினைப்பவனுக்கும் தன் கடன் எவ்வளவென்று தெரிந்துகொள்ள வழி இல்லை. பணம் கட்ட இயலாதவனிடம் அதை வற்புறுத்துவது வாக்குக்கு வரி விதிப்பதே என்னும் கருத்துப்பட 2020 மே மாதத்தில் கூட்டரசு நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதிகளில் ஆறு பேர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, அத்தீர்ப்பைத் தள்ளிச் சட்டத்தை நிலைநிறுத்திற்று. 51 இலட்சம் பேர் திறந்த கதவுக்கு அங்ஙனம் ஒரு சுங்கச்சாவடி அமைந்தது.

2022 இல் மீண்டும் நடுத்தவணை வந்தது. நான்காண்டுகளுக்கு முன் 32,463 வாக்குகளில் தப்பிய டிசான்டிஸ், இம்முறை 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டில் வென்றார். மறு எண்ணிக்கைக்கே இடம் இல்லை. அத்தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்ட் 18 ஆம் நாள், 2020 இல் உரிமையின்றி வாக்களித்தனர் என்ற குற்றச்சாட்டில் 20 பேர் கைது செய்யப்பட்டதாக அவர் அறிவித்தார். திருத்தத்தின் விலக்குப் பிரிவில் அடங்கும் பழைய குற்றங்களுக்கு உள்ளானவர்கள் அவர்கள். தமக்கு இப்போது உரிமை வந்துவிட்டதென்றே நம்பியதாக அவர்களுட் பலர் கூறினர். நம்பியதற்குக் காரணமும் சொன்னார்கள்: விண்ணப்பித்தபோது, வாக்காளர் அட்டையைத் தேர்தல் அலுவலகமே அவர்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தது.